வாயைத் திறக்காமல் பட்டம் வாங்குவது எப்படி?

பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருப்பரங்குன்றம் வண்டி ஏறி, பழங்காநத்தம் தாண்டி, பசுமலை வந்ததும் ஜன்னல் வழியாக மலை தெரியும். முருக பக்தர்கள் அந்த இடத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதே இடத்தில் சிலர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. காலையில் தின்ற இட்லியில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டாவது பீரியடில் செமினார். இங்கிலீஷில் பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் புத்தகங்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. கபில்தேவ் விளம்பரம் செய்த ரேபிடெக்ஸ் ஒரு காலத்தில் பாதி வீடுகளில் இருந்தது. எந்த வீட்டுப் பிரதியை எடுத்துப் பார்த்தாலும் முதல் இருபது பக்கம் கசங்கியிருக்கும், மிச்சமெல்லாம் கடையில் வாங்கிய மொடமொடப்போடு இருக்கும். அந்த இருபதாம் பக்கத்தில் நின்றுபோனவர்களை நான் கைகொடுத்து ஏற்றுக்கொள்கிறேன். பேசக் கற்றுத்தருவது என் வேலையில்லை. பேசாமலே நான்கு வருடத்தை ஓட்டுவது எப்படி என்பதுதான் இங்கே பாடம்.

எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இந்த மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். பொறியியல் கல்லூரியில் நான்கு வருடத்தில் நான் பேசிய ஆங்கில வாக்கியங்கள் மொத்தம் ஏழு. அதில் ஐந்து 'எஸ் சார்'. ஆறாவது 'நோ சார்'. ஏழாவதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் வகுப்பில் தேறினேன்.

முதலில், உட்காரும் இடம். விவரமில்லாதவர்கள் கடைசி பெஞ்சுக்கு ஓடுவார்கள். சினிமா பார்த்துக் கெட்டவர்கள் அவர்கள். வாத்தியார் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பது கடைசி பெஞ்சைத்தான். எழுப்பி விடுவதும் அங்கிருந்துதான். முதல் பெஞ்சும் ஆபத்து, கண்ணுக்கு நேராக மாட்டுவீர்கள். நடு வரிசையில், சுவர் ஓரமாக, உயரமான ஒருவனுக்குப் பின்னால் உட்காருவதே உத்தமம். கையில் எப்போதும் பேனா ஓட வேண்டும். எழுதிக்கொண்டிருப்பவனை எழுப்ப எந்த வாத்தியாருக்கும் மனசு வராது. நான் அப்படி எழுதியதில் இரண்டு நோட்டு நிறைய எங்கள் தெருவிலுள்ள கடைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன.

வைவாவில் இந்த உத்தி செல்லாது. அங்கே உங்கள் பெயரின் முதல் எழுத்துதான் விதி. 'அ'வில் தொடங்கும் பெயர் வைத்திருந்தால் எக்ஸ்டர்னல் காபி குடித்துத் தெம்பாக இருக்கும் நேரத்தில் முதல் ஆளாக உள்ளே போவீர்கள். விக்னேஷ், விஜய், யோகேஷ் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போவார்கள். அந்நேரம் அவருக்கே வாயைத் திறக்க அலுப்பாக இருக்கும். இதில் உங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை, உங்கள் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலத்தை மறைப்பது. இது கொஞ்சம் கஷ்டமான பாடம், நிதானமாகக் கேளுங்கள். நேற்று கேன்டீனில் உங்கள் நண்பன் உங்களிடம் என்ன கேட்டான்? "மாப்ள, அரியர் எக்ஸாமுக்கு ஃபீஸ் கட்ட லாஸ்ட் டேட் எக்ஸ்டெண்ட் பண்ணிட்டாய்ங்களாடா?" எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளையையும் கட்டுவதையும் பண்ணுவதையும் கழித்துவிட்டால் மிச்சம் முழுக்க வெள்ளைக்காரன் சொத்து. கன்ஃபார்ம் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு, அப்ளை பண்ணு, கேன்சல் பண்ணு என்று நாளுக்கு இருநூறு தடவை சொல்கிறவர், அந்தப் 'பண்ணு'வை மட்டும் கழற்றிவிடச் சொன்னால் ஏன் வேர்த்து ஊற்றுகிறது? இதைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். யோசித்தால் தைரியம் வந்துவிடும். 'எனக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைகூடத் தெரியாது சார்' என்று சொல்லிப் பழகுங்கள். அந்த வாக்கியத்திலேயே இரண்டு ஆங்கில வார்த்தை இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வார்த்தை இருந்தும் வாக்கியம் ஏன் வருவதில்லை என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த விடை இது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. இது பெரிய சௌகரியம். "நான் நேத்து லேபுக்கு வந்..." என்று இழுத்துக்கொண்டே வாத்தியார் முகத்தைப் பார்க்கலாம். முகம் சாந்தமாக இருந்தால் "தேன் சார்" என்று முடிக்கலாம். கண் சிவந்திருந்தால், "திருப்பேன் சார், திடீர்னு காய்ச்சல்" என்று திருப்பிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இந்தப் பாச்சா பலிக்காது. இரண்டாவது வார்த்தையிலேயே வந்தாயா வரவில்லையா, நேற்றா நாளையா, ஒருவனா பலரா எல்லாம் தீர்மானமாகிவிட வேண்டும். வாயைத் திறக்கும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. பன்னிரண்டு வருடப் படிப்பில் இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் எழுதிய பொதுத்தேர்வுகளில் ஆங்கிலத்தில் வாங்கிய மார்க் எல்லாம் கை வாங்கியது. வாய் ஒரு மார்க்கும் வாங்கவில்லை. மனப்பாடம் செய்த கட்டுரையில் ஒரு கமா பிசகாமல் எழுதினேன். அந்தக் கட்டுரையை எவரிடமாவது சொல்லியிருக்கிறேனா? பசுவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதத் தெரியும், பால்காரரிடம் அரை லிட்டர் கேட்கத் தெரியாது.

இனி மிக முக்கியமான பாடத்துக்கு வருகிறேன். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. யாராவது வாயைத் திறந்தால் சிரியுங்கள்.

வகுப்பில் ஒரு பெண் எழுந்து, நடுங்கிக்கொண்டே, ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கிறாள் என்று வையுங்கள். இறந்தகாலத்துக்குப் பதில் நிகழ்காலம் விழுந்துவிட்டது. அந்த நொடியில் பின்னாலிருந்து ஒரு 'க்ளுக்' வர வேண்டும். ஒன்று போதும், மற்றவர்கள் தொடர்வார்கள். பிழையே இல்லாமல் பேசிவிட்டாளா? அதற்கும் வழி இருக்கிறது. "பீட்டர் விடுறாடா" என்று சொல்லுங்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பு, சரியாகப் பேசினால் பீட்டர். இந்த இரண்டு சுவருக்கு நடுவே எந்த ஆங்கிலமும் முளைக்காது. ஒரே செமஸ்டரில் அறுபது பேரை ஊமையாக்கிவிடலாம், பைசா செலவில்லை. இந்த உத்தியின் தனிச்சிறப்பு, சிரித்தவனும் அதே கணத்தில் ஊமையாகிவிடுவதுதான். அவன் வாயைத் திறந்தால் அறுபது பேரும் காத்திருக்கிறார்கள் அல்லவா?

யாராவது குறை சொன்னால் பாரம்பரியம் என்று சொல்லிவிடுங்கள். உண்மையும் அதுதான். குற்றம் கண்டுபிடிப்பது மதுரையின் குலத்தொழில். இறைவனே பாட்டெழுதிக் கொடுத்தாலும் பொருட்குற்றம் இருக்கிறது என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்ன நக்கீரரின் ஊர் இது. பொற்றாமரைக் குளத்தில் சுவடியைப் போட்டால் நல்ல நூல் மிதக்கும், மட்டமானது மூழ்கும் என்று கதை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஒரு செல்ஃப் இன்ட்ரோவை மட்டும் சும்மா விட்டுவிடுவோமா? அதிலும் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தனி ருசி. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றால் வகுப்பே அதிரும். தனி மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியர் சொல்லி வைத்திருக்கிறார். அந்த இலக்கணப்படி பார்த்தால் 'இ' போட்டுச் சொன்னவன்தான் சரி. சிரித்தவன் தமிழிலும் ஃபெயில்.

இங்கே ஒரு சந்தேகம். நமக்கு அந்நியப் பெயர்களே வாயில் நுழையாதா? திருநகருக்குப் பக்கத்தில் ஹார்விபட்டி இருக்கிறது. மதுரா மில்லை நடத்திய ஹார்வி சகோதரர்களின் பெயரால் மில் தொழிலாளர்களுக்காக எழுந்த ஊர். கீரை விற்கிற ஆச்சியிலிருந்து பால்வாடிப் பிள்ளைவரை 'ஆர்விபட்டி'க்கு டிக்கெட் எடுக்கிறார்கள். 'ஹா'வை விழுங்கிவிட்டதற்காகக் கண்டக்டர் யாரையும் இறக்கிவிட்டதில்லை. ஆச்சிக்கு வேர்த்ததும் இல்லை. ஆச்சிக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்றால், அவர் பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கவில்லை.

இந்தப் பயம் நம் ஊர்ச் சரக்கு மட்டும்தானா என்று பார்க்கப் போனேன், ஏமாற்றமாகிவிட்டது. 1986-ல் எலைன் ஹார்விட்ஸ் என்ற பேராசிரியர் இரண்டு பேரோடு சேர்ந்து அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஓர் அளவுகோலே செய்துவிட்டார். மொத்தம் 33 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்' என்பதிலிருந்து 'இல்லவே இல்லை' என்பதுவரை ஐந்து விடையில் ஒன்றை எழுத வேண்டும். வகுப்பில் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்தால் நடுங்குகிறேன் என்பது ஒன்று. மற்ற மாணவர்கள் சிரிப்பார்களோ என்று பயப்படுகிறேன் என்பது இன்னொன்று. படித்தபோது யாரோ என் நோட்டைத் திருடிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. இதில் வேடிக்கை, அவர் இதை நம்மை வைத்துச் செய்யவில்லை. ஸ்பானிஷ் படிக்க வந்த அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துச் செய்தார். ஆங்கிலம் தாய்ப்பாலில் குடித்தவர்கள், ஸ்பானிஷில் நாலு வார்த்தை பேசச் சொன்னதும் நம்மைப் போலவே நடு வரிசையில், உயரமானவனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள். இந்தத் தகவலை யாரிடமும் சொல்லாதீர்கள். பயம் ஆங்கிலத்தில் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கும் கண்களில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நம் பாடத்திட்டமே கவிழ்ந்துவிடும்.

போகக் கூடாத இடங்களின் பட்டியலையும் இங்கேயே கொடுத்துவிடுகிறேன். மீனாட்சியம்மன் கோயில் வாசல் பக்கம் போகாதீர்கள். முன்பு புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்த தையற்காரர்கள் வெளிநாட்டுப் பயணிகளிடம் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். வினைச்சொல் இருக்காது, வேற்றுமை உருபு இருக்காது, காலம் மூன்றும் ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடும். "சேம் மாடல், டூ பீஸ், ஈவினிங் ரெடி." எதிரில் நின்ற பிரெஞ்சுக்காரி தன் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள், சாயங்காலம் வந்து இரண்டு சட்டையாக வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய ஆங்கிலமும் அப்படி இப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்து அந்த மொழியைப் படுத்திய பாட்டைப் பார்க்க, இலக்கணப் புத்தகம் எழுதிய ரென்னும் மார்ட்டினும் இல்லாமல் போனார்கள். தைத்துக்கொடுத்தவருக்கு மார்க் போட யாரும் இல்லை, துணி சரியாக வந்ததா என்பதுதான் கணக்கு. கைடுகள், ஆட்டோக்காரர்கள், மாசி வீதியில் வெண்கலச் சிலை விற்பவர்கள் எல்லாரும் இதே ஜாதிதான். இவர்களோடு ஒரு மணி நேரம் நின்றாலே உங்கள் பயம் குறைந்துவிடும் அபாயம் இருக்கிறது. கல்லூரி விட்டால் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வீட்டிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. கல்யாண வீட்டில் ஒரு மாமா நிச்சயம் கேட்பார்: "இம்புட்டு செலவழிச்சுப் படிக்க வைக்கிறோம், எங்க, இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசு பாப்போம்." பதறாதீர்கள். "என்ன பேசணும் மாமா, நீங்களே ஆரம்பிங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள். பந்தி போட்டாச்சு என்று மாமா எழுந்துவிடுவார். அப்பா விஷயம் வேறு. பேங்கிலிருந்து வந்த கடிதத்தை, கல்விக்கடன் பற்றியதுதான், அவர் மடிப்பு கலையாமல் இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நீட்டுவார். படித்துச் சொல்லிவிடுவீர்கள். தங்குதடையில்லாமல், ஒவ்வொரு வரியாக, தமிழில். அப்பா தலையாட்டுவார். பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரிகிறது என்று நிம்மதியாகப் படுக்கப் போவார். அவர் நம்புகிறார், நீங்கள்தான் நம்பவில்லை. இந்த இடத்தில் நகைச்சுவை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் தாராளமாகச் சேரலாம். மாடியில் இருக்கும், கீழே ஜெராக்ஸ் கடை இருக்கும். சேர்வதற்கும் பேசுவதற்கும் சம்பந்தம் கிடையாது. நான் சேர்ந்த வகுப்பில் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம் என்று போர்டு மாட்டினார்கள். அன்றிலிருந்து அங்கே நிலவிய அமைதி எந்தத் தியான மண்டபத்திலும் கிடைக்காது. இருபத்தெட்டு பேர், ஒரு மின்விசிறி, அதன் சத்தம் மட்டும். படியிறங்கி டீக்கடைக்கு வந்ததும் மூச்சு விட்டுப் பேச ஆரம்பிப்போம், பேசுவதெல்லாம் இங்கிலீஷ் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பற்றித்தான், சுத்தத் தமிழில். அந்த டீக்கடைதான் என் வாழ்க்கையில் நான் சேர்ந்த மிகச் சிறந்த வகுப்பு. அங்கே எல்லோருக்கும் பயம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

சாக்குகள் சிலவற்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். சரித்திரத்தைக் குற்றம் சொல்வது கௌரவமானது. 1835 பிப்ரவரியில் மெக்காலே இந்தியர்களுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று தன் குறிப்பை எழுதினார், அதனால்தான் எனக்கு செமினாரில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று சொல்லலாம். பாதி உண்மை. ஆனால் பசுமலையைத் தாண்டும்போது இந்தச் சாக்கைச் சொல்லாதீர்கள். 1881-ல் அமெரிக்க மிஷனரிகள் கல்லூரி தொடங்கியது அங்கேதான், பிறகு மதுரைக்குள் போய் அது அமெரிக்கன் கல்லூரி ஆனது. 1957-ல் திருப்பரங்குன்றத்துக்கே தியாகராசர் பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. அதாவது இந்த ரோட்டில் ஆங்கிலம் நூறு வருடத்துக்கு மேலாக டவுன் பஸ் மாதிரி போய் வந்துகொண்டிருக்கிறது. நாம்தான் கை காட்டவில்லை.

1965-ஐயும் மறந்துவிடுங்கள். அந்த ஜனவரி 25-ம் தேதி இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் ஊர்வலம் கிளம்பி, கைகலப்பாகி, கலவரமாக வெடித்தது இதே மதுரையில்தான். இந்தி ஒருபோதும் வேண்டாம், ஆங்கிலம் எப்போதும் வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள், அந்த முழக்கத்தையே ஆங்கிலத்தில் கத்தினார்கள். அன்றைக்கு யாரும் இலக்கணம் பார்க்கவில்லை. ஆங்கிலத்துக்காக லத்தியடி வாங்கிய மாணவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

பாடத்தையே தமிழில் படித்துவிட்டால் தொல்லை தீருமே என்பீர்கள். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. நல்ல காரியம், நான் முழு மனதாக ஆதரிக்கிறேன். பிளேஸ்மென்டுக்கு வந்த ஹெச்ஆர் மட்டும் ஆங்கில வழியிலேயே வந்தார்.

இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவனும், சந்திரயானை அனுப்பிய மயில்சாமி அண்ணாதுரையும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள் என்று மேடைக்கு மேடை சொல்லுவார்கள். கைதட்டிவிட்டு மறந்துவிடுங்கள். அதைவிட ஆபத்தான உதாரணம் ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கில் புலி, ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தார். இதுவரை நம் ஆள். அதற்குப் பிறகு செய்ததுதான் சரியில்லை. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு ஆங்கிலத்திலேயே கடிதம் எழுதினார். தொடக்கமே ஒரு செல்ஃப் இன்ட்ரோ. சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, வருடச் சம்பளம் வெறும் 20 பவுண்டு என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். 'நான் ஒரு கடின உழைப்பாளி, குழுவோடு சேர்ந்து பணியாற்றுவேன், என் பொழுதுபோக்கு கிரிக்கெட் பார்ப்பது' என்று எதுவும் இல்லை. யார், எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், பிறகு நேரே கணக்கு. பிளேஸ்மென்ட் செல்லில் கொடுத்தால் அந்த இன்ட்ரோவைத் திருத்தி அனுப்பியிருப்பார்கள்.

குரூப் டிஸ்கஷனுக்கு நம் ஊர்த் தலபுராணத்திலேயே விடை இருக்கிறது. சிவனிடமே குற்றம் கண்ட அதே நக்கீரர் திருப்பரங்குன்றத்தில் சரவணப்பொய்கைக் கரையில் சிவபூசை செய்துகொண்டிருந்தார். மரத்திலிருந்து விழுந்த இலை பாதி மீனாகவும் பாதி பறவையாகவும் மாறி ஒன்றை ஒன்று இழுக்க, அவர் கவனம் சிதறிவிட்டது. பூசையில் தவறியவர்களைப் பிடித்து அடைக்கும் பூதம் ஒன்று குகையில் ஏற்கெனவே 999 பேரை வைத்திருந்தது. ஆயிரம் சேர்ந்ததும் சாப்பிடத் திட்டம். நக்கீரர் ஆயிரமாவது ஆள். அவர் உள்ளே போய் முருகனைப் பாடினார், அந்தப் பாட்டுதான் திருமுருகாற்றுப்படை என்பது கதை. முருகன் வேலால் குகையைப் பிளந்தான், ஆயிரம் பேரும் வெளியே வந்தார்கள்.

எல்லோரும் நக்கீரரைப் பார்ப்பார்கள். நீங்கள் அந்த 999 பேரைப் பாருங்கள். ஒரு வரி பாடவில்லை, ஒரு சந்தம் தட்டவில்லை, விடுதலை மட்டும் சமமாகக் கிடைத்தது. குரூப் டிஸ்கஷனும் அதேதான். வட்டமாக உட்கார்ந்து, பேசுகிறவன் எவனோ அவனைப் பார்த்துத் தலையாட்டுங்கள். நடுவில் ஒரு முறை 'எக்ஸாக்ட்லி' சொல்லுங்கள். இந்த வித்தையில் எங்கள் பேட்சில் நான் இரண்டு கம்பெனியில் அடுத்த சுற்றுக்குப் போனேன். அடுத்த சுற்றில்தான் சிக்கல். அங்கே ஒவ்வொருவராகத்தான் உள்ளே கூப்பிடுகிறார்கள், நக்கீரரைக் கூட அழைத்துக்கொண்டு போக முடியாது.

அங்கேதான் அந்த ஏழாவது வாக்கியம். பன்னிரண்டு வரி இன்ட்ரோவைப் பஸ்ஸில், குளியலறையில், பதினாறு கால் மண்டபத்துத் தூணிடம் எல்லாம் ஒப்பித்துவிட்டுப் போயிருந்தேன். ஏசி அறை. எதிரே வடக்கத்தியர் ஒருவர், என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூடுதல் இருக்கும். உன்னைப் பற்றிச் சொல் என்றார். பன்னிரண்டு வரியில் பதினொன்று பறந்துபோயிற்று. மிஞ்சியது கடைசி வரி. "மை நேட்டிவ் பிளேஸ் இஸ் திருப்பரங்குன்றம் சார்." பெயரைச் சொல்லாமல் ஊரைச் சொன்னேன்.

அவர் பேனாவை எடுத்து எழுதப் பார்த்தார். "திரு... பரன்..." என்றார். "குண்... குந்த்ரம்?" என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாவது முறையும் 'ற்'றில் வண்டி கவிழ்ந்தது. வாய்விட்டுச் சிரித்தார், என்னைப் பார்த்து அல்ல, தன்னைப் பார்த்து. பிறகு மெதுவாக ஒரு முறை சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அவர் திரும்பச் சொன்னார், அதுவும் தப்புத்தான். சரி போகட்டும் என்று 'மதுரை' என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவர் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. நானும் சிரிக்கவில்லை. பாவம், முயற்சி செய்கிறார் என்றுதான் தோன்றியது. வெளியே வந்ததும் என் கூட்டாளிகள், "மை நேட்டிவ் பிளேஸா? பேரு கேட்டா ஊரச் சொல்லிட்டு வந்துருக்கான்டா" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு அந்தக் கல்லூரியில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் மதுரைக்காரர்கள். சிரிக்காத ஒரே ஆள் அந்த வடக்கத்தியர். வேலை கிடைக்கவில்லை, அது என் மார்க் லட்சணம்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒரு திருத்தம். சிரிக்கச் சொல்லிக் கொடுத்த பாடத்தை மட்டும் அடித்துவிடுங்கள், மற்றதை உங்கள் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளலாம். நாளைக் காலை திருப்பரங்குன்றம் வண்டியில் உங்கள் பக்கத்து சீட்டுப் பையன் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு 'மைசெல்ஃப்' என்று முணுமுணுத்தால், மைசெல்ஃப் தப்பு என்று சொல்லாதீர்கள். அவன் முடிக்கட்டும். பசுமலை வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பாருங்கள்.